மாவு மில் நின்ற மாலை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியோ பள்ளிக் காலத்துப் பாட்டுகளுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. யார் ஆண்டுவிழாவில் பாடினார்கள், யார் மேடையேறி வரி மறந்து நின்றார்கள் என்று ஆளாளுக்கு ஒரு கதை. என் முறை வரும்போது, "நான் பாடவில்லை, உறுமினேன்" என்று சொல்கிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் போன மாதம், "எப்படி, ஒருமுறை செய்து காட்டு" என்றாள். உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம், காட்ட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவின் பின்பக்கம் எங்கள் வீடு. வீடு என்றால், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு குடும்பங்களுக்கு வகுத்துக் கொடுத்த லைன் வீடுகளில் கடைசி. அப்பாவுக்கு அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் வேலை. அம்மா ஒரு ஓட்டலில் மாவாட்டினாள். இரண்டு பேரும் நாகர்கோவில் பக்கத்து ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் தலை இன்றும் கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது. நான் அதைத் தடுப்பதில்லை.

பத்தாம் வகுப்பில் எனக்கு ஒரு தோழி இருந்தாள். மலையாளப் பெண். அவளுடைய அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது ஒரு செருப்பு டப்பா நிறைய ஆங்கில மெட்டல் பாட்டுக் கேசட்டுகளையும் ஒரு வாக்மேனையும் விட்டுவிட்டுப் போயிருந்தான். ஓணம் விடுமுறையில் அவள் வீட்டுக்குப் போனபோது அந்த டப்பாவைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். "எடீ, இது கேட்டு நோக்கு. பேடிக்கருது," என்று சொல்லி என் காதில் மாட்டினாள். பயப்படாதே என்றாள், நான் பயந்தேன்.

கித்தார்கள் முதலில் வந்தன, தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல. அதன்மேல் ஒரு குரல். அதைக் குரல் என்று எப்படிச் சொல்வது என்று அப்போது தெரியவில்லை. பூமிக்கு அடியில் ஒரு பெரிய பாறையை யாரோ நகர்த்துகிறார்கள், அந்தப் பாறைக்கு வார்த்தைகள் தெரிந்திருக்கின்றன என்று தோன்றியது. கேசட் உறைக்குள் மடித்திருந்த தாளில் மிகச் சிறிய எழுத்தில் பாட்டின் வரிகள் இருந்தன. விரலை வைத்துப் படித்துக்கொண்டே கேட்டேன். அந்தப் பாறை உண்மையாகவே அந்த வரிகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது! பனிக்காலத்தைப் பற்றி, இறந்துபோன ஒரு ராஜாவைப் பற்றி. என் கை முடியெல்லாம் எழுந்து நின்றது.

"ஒரு மனுசன் இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டேன்.

"மனுஷ்யன்தன்னெயாணு செய்யுன்னது. படம் நோக்கு," என்று உறையைத் திருப்பிக் காட்டினாள். நீளமான முடியும் சளி பிடித்த மூக்கும் உள்ள ஒல்லிப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். எங்கள் தெருவில் மிதிவண்டிக்குக் காற்றடிக்கிறவனைப் போலத்தான் இருந்தான். இவனால் முடிந்தால் என்னால் ஏன் முடியாது என்று நினைத்தேன். எனக்கு அந்த வயதில் எதைப் பார்த்தாலும் அப்படித்தான் தோன்றும். டப்பாவையும் வாக்மேனையும் அவளிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

எங்கே பழகுவது என்பதுதான் முதல் கேள்வி. லைன் வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து "நூறு வயசு" என்பார்கள். ஆனால் எங்கள் அடுக்களைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாவு மில் இருந்தது. மாலை நாலு மணிக்கு மேல் அது முழு வேகத்தில் ஓடும். சுவர் அதிரும், தட்டில் வைத்த டம்ளர் தானாக நகரும். மில் ஓடும்போது அம்மா என்னிடம் எதுவும் சொல்ல வேண்டியிருந்தால் கையைப் பிடித்துத்தான் சொல்வாள். அந்தச் சத்தத்துக்குள் நான் ஒளிந்துகொண்டேன். அரிசி அரைக்கும் நாள் நல்ல நாள். கோதுமையும் பரவாயில்லை. மிளகாய் அரைக்கும் நாளில் பழக முடியாது. வாயைத் திறந்தாலே இருமல் வந்துவிடும். மில் என்ன அரைக்கிறது என்று மூக்கால் பார்த்துவிட்டுத்தான் நான் வாக்மேனை எடுப்பேன்.

முதல் வாரம் தொண்டையை வைத்துக் கத்தினேன். வாரக் கடைசியில் வகுப்பில் மலையாளப் பாடம் படிக்கச் சொன்னபோது காற்றுதான் வந்தது. "பாண்டிக்கு நாவு போயி," என்று பின் பெஞ்சில் ஒருத்தி சொன்னாள். தமிழர்களை அங்கே அப்படிக் கூப்பிடுவார்கள். நான் மலையாளம் வாசித்தாலே சிரிப்பு வரும் வகுப்பு அது. எழுத்தில் எனக்கு நல்ல மதிப்பெண். வாய் திறந்தால் மட்டும் நாகர்கோவில் வெளியே வந்துவிடும்.

தொண்டை வலித்தால் தப்பாகச் செய்கிறேன் என்று அர்த்தம். அதை யாரும் சொல்லித் தரவில்லை, வலிதான் சொன்னது. பிறகு ஒரு நாள் அரிசிப் பானையை நகர்த்தும்போது எனக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. வயிறு இறுகி, மூச்சு அடைபட்டு, கொஞ்சமாகக் கசிந்து வரும் முனகல். அதில் அந்தப் பாறையின் ஒரு துணுக்கு இருந்தது. பானையை விட்டுவிட்டு அந்த முனகலை மட்டும் திரும்பச் செய்து பார்த்தேன். வந்தது. தொண்டை வலிக்கவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். என் உடம்புக்குள் இதுவரை திறக்காத ஓர் அறை இருந்திருக்கிறது, அதன் கதவில் கை பட்டுவிட்டது என்று தோன்றியது.

அதன்பிறகு ஒழுங்காகப் பழகினேன். தரையில் மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் சமூகவியல் புத்தகத்தை வைத்துக்கொள்வேன். மூச்சை இழுத்தால் புத்தகம் எழ வேண்டும்; நெஞ்சு எழக் கூடாது. பிறகு டப்பாவிலேயே மெதுவாகப் போகும் பாட்டு ஒன்றை எடுத்து, ஒரு வரியைக் கேட்டு, நிறுத்தி, அந்த வரியை மட்டும் செய்வேன். பாட்டுக்காரன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்பது கூர்ந்து கேட்டால் தெரியும், ஊசி குத்துவதுபோல ஒரு சின்ன 'ஹ்'. அந்த இடங்களில் தாளில் பென்சிலால் புள்ளி வைத்தேன். 'ஓ' வரும் சொற்கள் ஆழமாக இறங்கின. 'ஈ' வந்தால் குரல் மேலே ஏறிக் கீச்சிட்டது. அதைக் கீச்சாக விடாமல் கிழிசலாக்க ஒரு மாதம் ஆனது. ஒரு பாட்டு படிந்த பிறகு அதைவிட வேகமான பாட்டு. வேகமான பாட்டில் நாக்குச் சிக்கும். பழைய பாட்டுக்குத் திரும்பி அதை இன்னும் சுத்தமாகச் செய்துவிட்டு வருவேன். பாடத்தையும் நான் அப்படித்தான் படித்தேன். எனக்கு வேறு வழி தெரியாது.

வீட்டில் அப்பா வாங்கிய பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. அதில் என் சத்தத்தைப் பதிந்து சனிக்கிழமை தோழியிடம் கொண்டு போவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்வாள். அதுதான் மதிப்பெண்.

"பூச்ச."

"பூனையா? நல்லாக் கேளு."

"விசந்ந பூச்ச," என்றாள். பசித்த பூனை. அதற்குமேல் இறங்கி வர மாட்டாள்.

ஐப்பசியில் நான் நாய் ஆனேன். கார்த்திகை முழுவதும் நாயாகவே இருந்தேன். மார்கழியில் ஒரு சனிக்கிழமை அவள் எதுவும் சொல்லவில்லை. எழுந்து போய் அடுத்த அறையிலிருந்த தன் மாமன் மகனைக் கூட்டி வந்து கேட்க வைத்தாள். கல்லூரியில் படிக்கிறவன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டவன், "கொள்ளாமல்லோ! இது ஏது நாட்டிலெ சாயிப்பாணு?" என்றான். நன்றாயிருக்கே, இவன் எந்த நாட்டு வெள்ளைக்காரன் என்று கேட்கிறான். எங்கள் இரண்டு பேருக்கும் வயிறு வலிக்கும் வரை சிரிப்பு.

ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சிரிப்பு நின்று வேறொன்று வந்தது. அவனுக்கு நான் பெண் என்று தெரியவில்லை. பாண்டி என்று தெரியவில்லை. என் வாயிலிருந்து முதன்முறையாக எந்த ஊரும் கேட்கவில்லை. சாலைத் தெருவில் வெங்காய மூட்டைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே, ஏதோ பெரிய பொருளைத் தூக்கிக்கொண்டு வருகிறவளைப்போல மெதுவாக நடந்து வந்தேன்.

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் எங்கள் குலதெய்வம் ஓர் அம்மன். ஒவ்வொரு பங்குனியிலும் கொடைத் திருவிழா நடக்கும். கொடையன்று அம்மன் ஒருவர்மேல் இறங்கி ஆடுவாள். அவரைச் சாமிகொண்டாடி என்பார்கள். அப்பாவின் அப்பா சாமிகொண்டாடியாக இருந்தார். அவர் இறந்த பிறகு எங்கள் குடும்பத்தில் யார்மேலும் சாமி வரவில்லை. வருடா வருடம் அப்பாவும் பெரியப்பாவும் குளித்து ஈர வேட்டியோடு மேளத்துக்கு முன்னால் நிற்பார்கள். எதுவும் நடக்காது. ஊர்க்காரர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். ஏதோ குற்றத்துக்காக அம்மன் எங்களைக் கைவிட்டுவிட்டாள் என்று அப்பா உண்மையாகவே நம்பினார். திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்ததுதான் அந்தக் குற்றமோ என்றுகூட அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

மாசி மாதம். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாலையில் மில் அரிசி அரைத்துக்கொண்டிருந்தது. நான் அடுக்களையில் கண்ணை மூடி, இரண்டு காதிலும் வாக்மேனை மாட்டிக்கொண்டு, டப்பாவிலேயே கடினமான பாட்டைச் செய்துகொண்டிருந்தேன். அதன் கடைசியில் ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய ஓர் அலறல் உண்டு. அதுவரை பாதியிலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. நான் அதைச் செய்யவில்லை, அது என் வழியாகப் போகிறது என்பதுபோல இருந்தது.

கரன்ட் போய்விட்டது. மில் நின்றுவிட்டது. வாக்மேன் பேட்டரியில் ஓடுவது. எனக்கு எதுவும் தெரியவில்லை. நிசப்தமான லைன் வீட்டின் நடுவே என் அலறல் மட்டும் கேட்டிருக்கிறது.

கண்ணைத் திறந்தபோது அடுக்களை வாசலில் அப்பா நின்றார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்தார். அதைக் கோயிலில் மட்டும்தான் செய்வார். இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் லைன் வீட்டு முகங்கள் எல்லாம்.

"ஆத்தா," என்றார் அப்பா என்னைப் பார்த்து. "இத்தன வருசமா எங்க போயிருந்தே?"

மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்து உள்ளே போன மனிதர். யார் முன்னாலும் கூழைக்கும்பிடு போடாதவர். அவர் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

"அப்பா, நான்தான். பாட்டுப் படிச்சிட்டிருந்தேன்."

"சாமி வந்தது அந்த ஆளுக்குத் தெரியாது மக்ளே," என்றார் கனிவாக. "எங்க அப்பாவுக்கும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அதே சத்தம்ட்டீ. அப்பிடியே எங்க அப்பா சத்தம்."

நான் இல்லை என்று சொல்லச் சொல்ல அவருக்கு ஆமாம் என்று உறுதியாகிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு அக்கா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, தன் பையனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டாள். அன்றைக்கே அப்பா தெருமுனை டெலிபோன் பூத்துக்குப் போய் ஊருக்குச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்து இறங்கினார். கையில் சிவப்புப் பட்டு, கற்பூரம், எலுமிச்சம்பழம். வந்த வேகத்திலேயே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டார்.

"இன்னைக்கே விரதம் தொடங்கணும். கொடை வரைக்கும் பிள்ள ஊருல நம்ம வீட்டுலதான் இருக்கணும். பொறவு வருசா வருசம் இருக்கு."

"பரீட்சை பங்குனியிலதான் பெரியப்பா," என்றேன்.

"அது எங்க போயிரும்? அடுத்த வருசம் எழுது."

அடுத்த வருடம் எழுதலாம் என்று நின்ற பெண்கள் எங்கள் வரிசையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்திக்கு இடுப்பில் குழந்தை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அப்போது அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் பெரியப்பாவிடம். "ஆறு மாசமா இவ சுக்குத்தண்ணி வச்சுக் குடிக்கா. தொண்டைக்கு நல்லதுன்னு. சாமிக்கு எதுக்கு அத்தான் சுக்குத்தண்ணி?"

"நீ சும்மா இருட்டீ. சாமிகிட்ட வெளையாடாத."

எனக்கு அந்த இடத்தில்தான் வழி தெரிந்தது. டேப் ரெக்கார்டரைக் கூடத்து நடுவில் வைத்தேன். கேசட்டைப் போட்டேன். "அம்மா, இது நான் தினம் படிக்கிற பாட்டு. நீ எப்ப வேணும்னாலும் பட்டனை அமுக்கு. நான் நின்னுருவேன். திரும்ப அமுக்கு, விட்ட இடத்துலேருந்து படிப்பேன். சாமின்னா அப்படி நிக்குமா, பெரியப்பா?"

பெரியப்பா கற்பூரத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஞாயிறு, மில் ஓடவில்லை. வாசலில் லைன் வீடு முழுவதும் கூடியிருந்தது. மனிதர்கள் முன்னால் நான் அதுவரை ஒரு வரிகூடச் செய்ததில்லை. மோசமாகச் செய்தால், இது வேறு, அன்று வந்தது சாமிதான் என்பார்கள். அன்றைக்கு வந்த அதே சத்தம் வர வேண்டும். அதுவும் நானாக வரவழைக்க வேண்டும்.

வயிற்றில் மூச்சை இறக்கினேன். கித்தார் முடியும் இடத்தில் நுழைந்தேன்.

வந்தது. கூடத்துச் சுவர்கள் அதை வாங்கித் திருப்பித் தந்தன. அலமாரிக் கண்ணாடி கிர்ரென்றது. மில்லின் இரைச்சல் இல்லாமல் என் சத்தத்தை அன்றுதான் நானே முதலில் கேட்டேன். அது இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆச்சரியத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

அம்மா பட்டனை அமுக்கினாள். நின்றேன்.

"பெரியப்பா, டீ குடிக்கிறீங்களா?" என்று என் சாதாரணக் குரலில் கேட்டேன். வாசலில் ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது.

அம்மா திரும்ப அமுக்கினாள். விட்ட சொல்லிலிருந்து பிடித்தேன். நிறுத்தினாள், நின்றேன். அவளுக்கு அதில் ருசி வந்துவிட்டது. மாவுக் கல்லில் தள்ளிவிடும் அதே கைவேகத்தில் நிறுத்துவதும் ஓடவிடுவதுமாக இருந்தாள். கடைசி அலறல் வந்தபோது மட்டும் பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அது முழுதாகப் போய், மெலிந்து, முடியும் வரை யாரும் அசையவில்லை.

பெரியப்பாவின் முகம் நனைந்திருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு, "சரி, சாமி இல்ல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி அப்பாவிடம் சொன்னார். "இல்லாட்டி என்னடே? இந்தச் சத்தம் போதும். மேளத்துக்கு முன்னால இவ இதைச் செஞ்சா ஊர் அப்பிடியே காலுல விழும். யாருக்குத் தெரியப்போவுது? குடும்பத்துக்குப் போன மரியாதை திரும்பி வந்திரும்."

இதை நான் யோசிக்கவே இல்லை. நான் நன்றாகச் செய்ததே எனக்கு எதிராகிவிட்டது. அப்பா அந்த மரியாதைக்காக எத்தனை பங்குனி ஈர வேட்டியோடு நின்றவர்! அவர் என்னையே பார்த்தார். மண்டியில் ஒரு மூட்டையைத் தூக்குமுன் அதன் எடையைப் பார்ப்பதுபோல, கீழிருந்து மேலாக.

"மக்ளே, இது உனக்கு எங்கேருந்து வந்திச்சு?"

"நானாப் படிச்சேம்ப்பா. ஒவ்வொரு வரியா."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு அண்ணனைப் பார்த்துத் திரும்பினார்.

"சாமியா இருந்தா நானே தோளுல சொமந்துட்டு வந்திருப்பேன்," என்றார். "இது எம் பிள்ள சத்தம். இத அம்மன் சத்தம்னு பொய் சொல்ல மாட்டேன். அது அம்மனுக்கும் மரியாதை இல்ல, இவளுக்கும் மரியாதை இல்ல. நாளைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

பெரியப்பா கொண்டுவந்த பட்டைப் பைக்குள் திரும்ப மடித்து வைத்தார். அம்மா டீ போட எழுந்தாள்.

வாசலில் இன்னும் கூட்டம் நின்றது. அன்று எனக்குத் திருநீறு பூசிய பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பின்னால், அடுத்த தெருவிலிருந்துகூட ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் தேங்காய் பழத்தட்டோடு நின்றார். அப்பா எழுந்து போய்க் கதவை முழுசாகத் திறந்தார்.

"சாமி இல்ல," என்றார் எல்லாரிடமும். "பாட்டு. எம் மக படிக்கா. கேக்கணும்னா செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து உக்காருங்க."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.